ராஜா வந்தது

"மேடம், இத்தன வருச சர்வீஸ்ல நீங்க விட்ட பெரிய பிழை எதுங்க?" என்று போன மாதம் ஒரு பெண் தொலைபேசியில் கேட்டார். நான் வேலை பார்த்த பதிப்பகத்தில் இப்போது புரூஃப் பார்க்கிறவர். குரலில் குறும்பு ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் பிழையே விட்டதில்ல கண்ணு. அடுப்புல பால் இருக்குது, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தேன். துணியை மடித்தேன், மடித்ததைக் கலைத்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார முடியாத வியாதி. அதற்கு மேல் இந்தக் கேள்வி வேறு. யோசித்துப் பார்த்தால் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான் விட்ட பிழைகள் எல்லாம் சின்னச் சின்னப் பிழைகள். பெரிய பிழை, நான் திருத்தியது.

எண்பதுகளின் கடைசியில் காந்திபுரத்தில் டவுன் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த பதிப்பகத்தில் சேர்ந்தேன். கையில் தமிழ்ப் பட்டம் இருந்தது, வாத்தியார் வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்று, சந்தி, கண்வலி, கண்ணாடி.

சொல்ல வேண்டியது ஆரோக்கியசாமி சாரைப் பற்றி. அவர்தான் புரூஃப் பிரிவுக்குத் தலைவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, காதில் சிவப்புப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து கொடுக்கிற அறிக்கையைக்கூட சிவப்பில் திருத்தித் திங்கட்கிழமை பையில் கொண்டுவருவார். பங்குச்சாமியாரிடம் கொடுக்க மாட்டார், தன் மனசு ஆறட்டும் என்று திருத்துவார். ஒருமுறை பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையில் 'கிணத்துகடவு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நடத்துநரைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல ஒரு 'க்' இல்லைங்களே" என்றார். "உள்ள எடம் இருக்குதுங்க சார், ஏறிப் பாருங்க" என்றார் நடத்துநர். சார் அதை எங்களிடம் சொல்லும்போதுகூடச் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. புரூஃப் படிக்கிறவர்கள் கதை படிக்கக் கூடாது. "கதைக்குள்ள போயிட்டீங்கன்னா பிழை உங்களைத் தாண்டிப் போயிரும்மா" என்பார். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தார். அஞ்சலட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக ஓட்டை வெட்டியது. அதைப் பக்கத்தின் மேல் வைத்து வரி வரியாக இறக்க வேண்டும். மேல் வரியும் தெரியாது, கீழ் வரியும் தெரியாது. உட்கார முடியாத எனக்கு அந்த அட்டைதான் கடிவாளம். "வசந்தாம்மா, காலை ஆட்டாதீங்க, மேசை ஆடுது" என்று மட்டும் அவ்வப்போது குரல் வரும்.

இரண்டாவது சட்டம், ஒத்துப் பார்ப்பது. ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், கமா, புள்ளி, மேற்கோள் திற, மேற்கோள் மூடு என்று எல்லாவற்றையும் சேர்த்து. இன்னொருவர் புரூஃபில் கண்ணை வைத்திருக்க வேண்டும். யார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒத்துப் பார்க்காமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மஞ்சள் பையோடு மாடிப்படி ஏறி வந்தார். பையில் ஆறு கோடு போட்ட நோட்டுகள்.

"ஏனுங்க, கதைப் பொஸ்தகம் போடறது இங்கதானுங்களே? இது நம்மூட்டுல அது எழுதுனதுங்க. சோறாக்குன நேரம் போக அது எதையாச்சும் கிறுக்கீட்டே இருக்குதுங்க. சித்தெ பாருங்க" என்றார்.

நான் நோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் பேச்சில் எனக்கு விசேஷமாக எதுவும் படவில்லை. என் வீட்டுக்காரரும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வார். "அது ஆபீஸ் போயிருக்குது" என்று.

நோட்டை எழுதியவர் பெயர் சாந்தாமணி. நாவலின் பெயர் 'பல்லக்கின் மேல் தேவாங்கு'. எங்கள் முதலாளி ஈரோட்டுக்கு ரயிலில் போகும்போது படித்துவிட்டு, வந்ததும் வராததுமாக, "சிரிச்சுச் சிரிச்சு எதுக்கால உக்காந்திருந்தவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டாருங்க. உடனே போடுங்க" என்று சொன்னார். மாசக் கடைசியில் வெளியீட்டு விழா என்று அழைப்பிதழும் அடித்துவிட்டார். ஏன் சிரித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கதை எங்களுக்குத் தேவையில்லாத சமாச்சாரம் ஆயிற்றே.

இப்போது சொல்லலாம், கதை இதுதான். அந்தக் காலத்தில் ஒரு பாளையக்கார ராஜா. தேவாங்கைப் பல்லக்கின் மேல் கட்டிவைத்தால் எதிரி கிட்டே வர மாட்டான் என்று சோசியர் சொல்லிவிடுகிறார். தேவாங்குதான் கதை சொல்கிறது. ஆனால் தேவாங்கு பகலெல்லாம் தூங்குகிற பிராணி. சண்டைகளோ பகலில்தான் நடக்கின்றன. அதனால் அந்த ராஜ்யத்தின் சரித்திரத்தில் ஒரு சண்டையைக்கூட அது பார்த்ததில்லை. சாயங்காலம் கண் விழித்து, திரும்பி வந்தவர்கள் அடிக்கிற பெருமையைத்தான் கேட்கிறது. "போர் முடிந்ததாம். வென்றதாக ராஜா சொன்னது. ராஜாவின் தலைப்பாகையைக் காணோம், ஒரு செருப்பையும் காணோம்." இப்படிப் போகிறது நாவல்.

'ராஜா சொன்னது.' என் அட்டையின் ஓட்டைக்குள் அந்த வரி வந்ததும் சிவப்புப் பென்சிலால் 'சொன்னார்' ஆக்கினேன். அடுத்த வரியில் 'மந்திரி குடை பிடித்தது.' பிடித்தார். 'சேனாதிபதி வேலி தாண்டி ஓடியது.' ஓடினார். பக்கத்துக்குப் பத்து, பன்னிரண்டு. எனக்குள் ஒரே புகைச்சல். தேவாங்குக்குச் சாப்பாடான பூச்சிகளுக்கு மட்டும் தலைகீழ் மரியாதை. 'வெட்டுக்கிளியார் எழுந்தருளினார். பணிவோடு வரவேற்று அவரை உண்டேன்' என்று இருந்தது. அதையும் 'வெட்டுக்கிளி வந்தது, அதை உண்டேன்' என்று ஒழுங்குபடுத்தினேன்.

எனக்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. நம் ஊரில் வீட்டுக்குள் பேசும்போது எல்லாரையும் 'அது வந்துச்சு, இது போச்சு' என்றுதானே சொல்கிறோம். அடுப்படியில் உட்கார்ந்து எழுதிய அம்மா, பேச்சையும் எழுத்தையும் குழப்பிப்போட்டார். உயர்திணை அஃறிணை தெரியாதவர், பாவம். இலக்கணப் பிழையை நாங்களே திருத்திவிட்டு, எழுதியவருக்குப் புரூஃபில் ஒரு படி அனுப்புவது எங்கள் வழக்கம். அனுப்பினோம். ஆரோக்கியசாமி சார் என் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, "ஒண்ணுகூட விடலையேம்மா" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. அன்று நான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் சாந்தாமணி நேரில் வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். நூல் சேலை, கையில் நாங்கள் அனுப்பிய படி, முகம் கறுத்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, நீங்கதானுங்களா இதைப் பாத்தது?"

"ஆமாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "தேவாங்கு எங்கீங்க போச்சு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எல்லாப் பக்கமும் இருக்குதுங்களே. இலக்கணம் மட்டுந்தான் சரி பண்ணியிருக்கறனுங்க. ராஜா வந்ததுன்னு எழுதக் கூடாதுங்க. வந்தார்னு எழுதோணும்."

"ஆருக்குங்க அவரு ராஜா? உங்களுக்குங்களா, தேவாங்குக்குங்களா?"

"ஆருக்கானாலும் மனுசன் உயர்திணைங்க."

"மனுசன் எழுதுனா உயர்திணைங்க. தேவாங்குக்குத் தேவாங்குதானுங்க உயர்திணை. நம்மளையெல்லாம் பாத்தா அது என்னன்னு சொல்லும்? அது வருது, இது போகுதுன்னுதானுங்க சொல்லும்?" கையிலிருந்த படியை மேசையில் போட்டார். "எங்கூட்டுல என்னைய ஆரும் பேர் சொன்னதில்லீங்க. அது சோறாக்குது. அது தூங்குது. அது கோவிச்சுக்கிச்சு. இருவது வருசமாக் கேக்கறனுங்க. ஒரு நாளு தோணுச்சு, இந்த 'அது' வாயத் தொறந்து இவங்களச் சொன்னா எப்புடி இருக்கும்னு. அந்த ஒரு சிரிப்புக்குத்தானுங்க ஆறு நோட்டு. நீங்க அத்தனையும் தொடச்சுப்போட்டீங்க."

நானும் சும்மா இருக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. "அப்படின்னா மொதல் பக்கத்துலயே ஒரு குறிப்பு எழுதியிருக்கோணுமுங்க" என்று கத்தினேன். "சிரிப்புக்கு ஆராச்சும் குறிப்பு எழுதுவாங்களாங்க?" என்று அவரும் கத்தினார்.

சத்தம் கேட்டு ஆரோக்கியசாமி சார் எழுந்து வந்தார். அலமாரியைத் திறந்து முதல் நோட்டை எடுத்தார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். அட்டை இல்லாமல். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு பக்கம் போனதும் அவர் தோள் குலுங்கியது. மூக்கைச் சிந்துவது போலக் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"வசந்தாம்மா, எல்லாத்தையும் பழையபடி மாத்திருங்க" என்றார். சாந்தாமணியைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்கம்மா. தப்பு என்னோட அட்டையிலதான்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

விழாவுக்கு நாள் குறைவாக இருந்தது. கணினியில் தட்டச்சு செய்கிறவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நானே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது பேச்சுக்கு. நின்றேன், நடந்தேன், அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். என் சிவப்புத் திருத்தம் இருந்த பழைய புரூஃபை வழக்கப்படி கிழித்துப் போட்டிருந்தோம். என்னோடு ஒத்து வாசிக்கிறவர் விடுப்பில் இருந்தார். நோட்டுகள் அலமாரியில் இருந்தன. எடுக்கலாம். எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? சூட்சுமம்தான் கையில் கிடைத்துவிட்டதே. மனிதர் என்றால் அது. பூச்சி, பிராணி என்றால் அவர். ராஜா சொன்னது, மந்திரி பிடித்தது, சேனாதிபதி ஓடியது, வெட்டுக்கிளியார் எழுந்தருளினார். இந்தத் தடவை எனக்கே சிரிப்பு வந்தது. நகைச்சுவை புரிந்துவிட்ட குஷியில் இரண்டே நாளில் முழு நாவலையும் முடித்துப்போட்டேன்.

"மூலத்தோட ஒத்துப் பாத்தாச்சாம்மா?" என்று சார் கேட்டார்.

"பாத்தாச்சுங்க சார்" என்றேன்.

அவர் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார். அத்தனை வருடத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது. சொல்லும்போது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

புத்தகம் வந்தது. விழாவுக்கு முந்தின நாள் காலையில் சாந்தாமணி தன் பங்குப் பிரதிகளை வாங்கிப்போக வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. எனக்குக் கொடுப்பதற்கென்று தோப்பிலிருந்து நாலு இளநீர் வேறு. "அன்னைக்குச் சத்தம் போட்டுப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தார். நடுவில் ஒரு பக்கம் படித்துச் சிரித்தார். பிறகு நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனார்.

அவர் சிரிப்பு நின்றது. விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லுங்க."

"இந்த ஒரு எடம் மட்டும் வேற மாதிரி எழுதியிருந்தனுங்க."

நான் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ஆறாவது நோட்டை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தில் எதிரிப் படை வருகிறது. ராஜாவும் மந்திரியும் தேவாங்கை மறந்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். அரண்மனை வாசல் பெருக்குகிற பெண் ஒருத்தி வந்து, தேவாங்கைக் கட்டியிருந்த நூலை அறுத்து அதை மரத்தில் விடுகிறாள். நோட்டில் இப்படி இருந்தது: "கையில் விளக்குமாறோடு அவர் வந்தார். நூலை அறுத்தார். போய்விடு என்றார்." முழு நாவலிலும் தேவாங்கு உயர்திணையில் சொல்கிற ஒரே ஒரு மனித உயிர்.

புத்தகத்தில்: "கையில் விளக்குமாறோடு அது வந்தது. நூலை அறுத்தது. போய்விடு என்றது."

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. முதல் தடவை புரூஃபில் ராஜாவையெல்லாம் 'ஆர்' ஆக்கிக்கொண்டே வந்தவள், இந்த இடத்தில் 'வந்தார்' என்று சரியாகவே இருந்ததையும் திருத்தினேன். 'அவள் வந்தாள்' என்று. பெருக்குகிறவளுக்கு என்ன 'ஆர்' என்று கை தானாகப் போயிற்று. எந்த இலக்கணத்தில் அப்படி இருக்கிறது? எதிலும் இல்லை. முதலில் வந்தாரை வந்தாள் ஆக்கினேன், பிறகு வந்தாளை வந்தது ஆக்கினேன். இரண்டும் என் கை. அட்டைமேல் பழிபோட வழியே இல்லை.

"அவ பேரு மாராத்தாங்க" என்றார் சாந்தாமணி, தலை நிமிராமல். "எங்கூட்டுல வாசக் கூட்டறவ. ராத்திரி நான் படிச்சா ஊட்டுல ஆரும் கேக்க மாட்டாங்க. அவதான் பொழுதோட வேலை முடிச்சுப்போட்டு, சித்தெ உக்காந்து கேட்டுப்போட்டுப் போவா. எங்க சிரிக்கோணுமோ அங்க சிரிப்பா. நான் அவளை 'ஏ மாராத்தா, இங்க வா'ன்னுதானுங்க கூப்படறேன். வேற மாதிரி ஒரு வார்த்தை கூப்புட எங்கூட்டுல விடுவாங்களாங்க? எனக்கும் தெகிரியம் இல்லீங்க. சரி, தேவாங்குக்கு ஆரு பயம், அது சொல்லட்டும்னு எழுதுனனுங்க. 'வந்தார்'னு. அந்த ஒண்ணு எடுப்பாத் தெரியோணும்னுதானுங்க மத்த அத்தனை பேரையும் 'அது' ஆக்குனது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாரின் மேசைக்குப் போனேன். "ஒத்துப் பாக்கலைங்க சார். பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன். அவர் நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மூன்று வாக்கியத்தையும் வாசித்தார். "அன்னைக்குக் கேட்டனேம்மா" என்றார். ஒரு தாளை எடுத்து, முத்து முத்தான எழுத்தில் பிழைதிருத்தச் சீட்டு எழுத ஆரம்பித்தார். அது அச்சாகி எல்லாப் பிரதியிலும் ஒட்ட மறுநாள் ஆகும்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த தேகம், தலையில் சும்மாடு. செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். புத்தகக் கட்டைச் சுமந்துபோகக் கூட வந்தவர்.

"அம்மணி, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. கட்டு எங்கீங்க?" என்றார் சாந்தாமணியிடம். மேசையில் இருந்த புத்தகங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்துருச்சுங்களா! நான் வர்ற எடம் எதுங்க? அச்சுல எப்புடி இருக்குதுன்னு ஒருக்காப் படிங்களேன்."

சாந்தாமணி புத்தகத்தை எடுக்கவில்லை. என் பக்கம் தள்ளினார்.

எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் வேலையே, தாளில் என்ன இருக்கிறதோ அதை உள்ளபடி வாசிப்பது. ஒரு புள்ளியைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ வாசித்ததில்லை. 'அது வந்தது' என்ற எழுத்துகள் கண் முன்னால் இருந்தன.

"கையில் விளக்குமாறோடு அவர் வந்தார். நூலை அறுத்தார். போய்விடு என்றார்" என்று வாசித்தேன்.

"ஆருங்க வந்தது?" என்றார் மாராத்தாள். "ராஜா திரும்பி வந்துட்டாருங்களா?"

"ராஜா இல்லீங்க. நீங்க" என்றேன்.

அவர் சாந்தாமணியைப் பார்த்தார். சாந்தாமணி தலையை மட்டும் ஆட்டினார். மாராத்தாள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கையை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது.

"இன்னொருக்காப் படிங்க" என்றார், மெதுவாக.

புத்தகத்தில் இல்லாததை நான் இன்னொரு முறை வாசித்தேன்.